கடலிலிருந்து பார்க்க வேண்டிய ஊர்

எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் நடராசரையும் திருவெண்காட்டு அர்த்தநாரியையும் சுற்றி எப்போதும் நாலு பேராவது நிற்பார்கள். புத்தர்களின் பக்கம் அவ்வளவு கூட்டம் இருப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே ஒரு புத்தரின் முன் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். சிறிய உருவம். வலக்கை அபயம் காட்ட, தலையுச்சியில் தீச்சுடர் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. உடலின் நெளிவும் ஆடையின் மடிப்பும் நம் சோழ நாட்டுச் சிற்பியின் கைவேலை என்று பார்த்ததும் தெரிந்தது. தஞ்சைப் பக்கத்துக் கோயில்களில் பார்த்துப் பழகிய முகம்தான் புத்தருக்கும் வாய்த்திருந்தது. அடியில் இருந்த அட்டையில் ‘நாகப்பட்டினம்’ என்று எழுதியிருந்தது. பக்கத்துப் புத்தருக்கும் அதே ஊர். அதற்கடுத்தவருக்கும் அதே.

1856இல் தொடங்கி அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளில் நாகை மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. ஒரே ஊரில் இத்தனை புத்தர்கள் கிடைத்திருக்கிறார்கள் என்றால் அவர்கள் இருந்த வீடு எங்கே? அந்தக் கேள்வியோடுதான் ஓர் ஆவணி மாதத்தில் காரைக்கால் போகும் இரவு ரயிலில் ஏறினேன்.

விடியலில் நாகையில் இறங்கியதும் கால் தானாகக் கடலைத் தேடிப் போயிற்று. கடுவையாறு கடலில் கலக்கும் இடத்தில் மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலக் குரல், டீசல் வாடை, காலடியில் மீன் கழுவிய தண்ணீர். கூடையில் சங்கராவை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, “திருவிழாவுக்கா தம்பி வந்தீங்க?” என்றார்.

“எந்தத் திருவிழாம்மா?”

“நேத்து வந்திருக்கணும். நேத்துதான் தங்க மீனு விட்டாங்க.”

ஆவணி ஆயில்யம் முந்தைய நாளோடு முடிந்திருந்தது. அறுபத்து மூவரில் ஒருவரான அதிபத்த நாயனார் நாகையின் நுளைப்பாடியில் பிறந்த பரதவர். வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். பாடு குறைந்து வீட்டில் பசி வந்தது. நாளுக்கு ஒரு மீன்தான் சிக்கியது; அதையும் விட்டார். கடைசியில் ஒருநாள் சிக்கிய ஒற்றை மீன் பொன்னும் மணியுமாய் மின்னியது. முதல் மீன் முதல் மீன்தான் என்று அதையும் அலையில் விட்டார். அந்தக் கணத்தை ஆண்டுதோறும் நாகைக் கடலோரம் மறுபடி நடத்திப் பார்க்கிறார்கள்: நாயனார் படகேறுகிறார், வலை வீசுகிறார், தங்க மீன் கடலுக்குத் திரும்புகிறது.

பெரிய புராணத்தில் படித்தபோது இது எனக்குப் பக்திக் கதையாக மட்டுமே இருந்தது. ஏலத்தில் ஒவ்வொரு மீனும் காசாக மாறுவதைக் கண்ணால் பார்த்தபடி கேட்கும்போதுதான் அந்த மனிதர் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று உறைத்தது. அந்த அம்மாள் கதையைச் சொல்லி முடிக்கும் வரை விலை பேச வந்தவரைக் காத்திருக்கவைத்தார்.

அங்கிருந்து காயாரோகணசாமி கோயிலுக்கு. ஊர்க்காரர்களுக்கு இது நீலாயதாட்சி அம்மன் கோயில். அம்மனுக்குத் தமிழில் கருந்தடங்கண்ணி என்று பெயர். ஆடிப்பூரத்தில் ஊரே இங்கே கூடும். முத்துசுவாமி தீட்சிதர் நீலாம்பரியில் ‘அம்பா நீலாயதாட்சி’ பாடியது இவளைத்தான். சப்தவிடங்கத் தலங்களில் ஒன்று என்பதால் இங்கேயும் ஒரு தியாகராசர் உண்டு. திருவாரூரில் அவர் ஆடுவது அசபா நடனம். இங்கே அவர் ஆடுவதற்குப் பாராவாரதரங்க நடனம் என்று பெயர். பாராவாரம் என்றால் கடல், தரங்கம் அலை. கடலலை போல ஏறி இறங்கும் ஆட்டம். ஒரு துறைமுகத்துக் கடவுளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டத்தை யாராலும் நினைத்திருக்க முடியாது.

சுந்தரர் இந்தக் கோயிலில் பாடிய பதிகம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். மற்ற ஊர்களில் அவர் கேட்டது நெல், பொன். நாகைக்கு வந்ததும் அவருடைய கேட்பே மாறிவிடுகிறது. முத்துமாலை வேண்டும், பட்டு வேண்டும், கத்தூரி வேண்டும், சந்தனம் வேண்டும், காற்றாய்ப் பறக்கும் குதிரை வேண்டும், உடைவாள் வேண்டும் என்று தோழமையோடு அடம்பிடிக்கிறார். பிராகாரத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை நினைத்துக்கொண்டிருந்தபோது, அவர் கண்ணெதிரே கப்பலிலிருந்து இறங்கிய சரக்கைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டிருக்கிறார் என்று தோன்றியது. குதிரையும் பட்டும் கத்தூரியும் கரையில் இறங்கும் ஊரில் நின்று வேறு எதைக் கேட்பார்!

சரக்கோடு பக்தியும் வந்து இறங்கியிருக்கிறது. இக்கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசரின் அலுவலர் ‘நாகை அழகர்’ என்ற வெள்ளித் திருமேனியைச் செய்தளித்த செய்தி இருக்கிறது. சீனக் கனகம், அதாவது சீனப் பொன், கொடையாக வந்ததும் பதிவாகியிருக்கிறது. அதே கோயிலில் பிற்காலக் கல்வெட்டு ஒன்று டச்சு ஆளுநர் ரெய்னியர் வான் விளிசிங்கனின் உதவியை 1777ஆம் ஆண்டில் குறித்து வைத்திருக்கிறது. சுமத்ராவின் அரசரும் ஒல்லாந்து ஆளுநரும் ஒரே சிவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இருவருக்கும் இடையே எழுநூறு ஆண்டுகளுக்கு மேல்.

இனி நான் தேடி வந்தது.

கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மர் நாகையில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பத் தொடங்கினார். அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் அதைத் தந்தையின் பெயரால் நிறைவு செய்தார். அதுதான் சூடாமணி விகாரம். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்தப் பள்ளிக்கான மானியமாக, கொடுத்தான். தஞ்சையில் பெருவுடையார் கோயில் எழுந்துகொண்டிருந்த அதே காலம். மகன் இராசேந்திரன் அந்தக் கொடையைச் செப்பேட்டில் வெட்டுவித்தான். 21 ஏடுகள், ஐந்து சமசுகிருதத்தில், மீதி தமிழில். பின்னாளில் அந்த இராசேந்திரனே கடாரத்தின் மேல் படையெடுத்தான். ஆனாலும் நாகைப் பள்ளிக்கு வந்த கொடை நிற்கவில்லை. 1090இல் முதலாம் குலோத்துங்கன் கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி வரி நீக்கிக் கொடுத்த மூன்று ஏடுகள் தனியே கிடைத்திருக்கின்றன. அவை இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என்று இரண்டு பள்ளிகளைச் சொல்கின்றன. இரு தொகுதிகளும் டச்சுக்காரர் காலத்தில் கடல் கடந்து லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதனால்தான் ஆனைமங்கலத்துப் பட்டயத்துக்கு லெய்டன் செப்பேடு என்று பெயர் நிலைத்தது.

ஆட்டோக்காரரிடம் “சூடாமணி விகாரம் இருந்த இடம் தெரியுமா?” என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. “பொன்னியின் செல்வன்ல வருமே சார், அருள்மொழி காய்ச்சலோட வந்து தங்குவாரே, அதானே?” அதேதான். அந்தக் கதை நடக்கும் காலத்துக்குச் சுமார் முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் செப்பேடு சொல்லும் விகாரம் எழுகிறது. ஆனாலும் கல்கியின் பேனாவால் அந்தப் பெயர் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் நாவில் இன்னும் இருக்கிறது. கல்வெட்டறிஞர்கள் எத்தனை பேர் எழுதியும் நடக்காதது இது. “இடம் தெரியலையே சார். அது கடல் கொண்டு போனதுல்ல?” என்றார் அடுத்ததாக. நாவலில் அப்படித்தான் வருகிறது.

கடல் அதைக் கொண்டுபோகவில்லை.

ஊரின் வடபுறத்தில், நாகூர் போகும் திசையில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரு செங்கல் கோபுரம் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்று ஊரார் சொன்னார்கள். சீனக் கோபுரம், கறுப்புக் கோபுரம் என்றும் அதற்குப் பெயர்கள் வழங்கின. நில அளவையாளர்கள் தங்கள் வரைபடத்தில் அதைச் சமணக் கோபுரம் என்று குறித்தார்கள். 1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் அதைப் பார்த்து எழுதி வைத்தார்: நான்கு பக்கம், மூன்று நிலை, சுண்ணச் சாந்து இல்லாமல் நெருக்கமாக அடுக்கிய செங்கல், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு திறப்பு, மேலே கூரையில்லை. இது சூடாமணி விகாரத்தின் மிச்சமா, அல்லது 1267இல் கட்டி முடித்ததாகச் சீன எழுத்துப் பொறித்த மண் கோபுரம் ஒன்றை 14ஆம் நூற்றாண்டுப் பயணி வாங் தாயுவான் குறிப்பிட்டாரே, அதுவா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். வாங் தாயுவானின் குறிப்போடு பொருந்துவதாகத்தான் எனக்குப் படுகிறது. எதுவானாலும் பௌத்தம் இங்கே சோழரோடு முடிந்துவிடவில்லை. 1470களில் பர்மாவிலிருந்து இலங்கை போய்த் திரும்பிய பிக்குகள் கப்பல் உடைந்து கரையேறி, நடந்தே நாகைக்கு வந்து, சீன மன்னர் கட்டுவித்த குகையில் இருந்த புத்தரை வணங்கினார்கள் என்று பெகுவின் கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது. திருமங்கையாழ்வார் நாகையின் பொன் புத்தரை எடுத்துப்போய்த் திருவரங்கத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்ற குருபரம்பரைக் கதையும், பொன்னால் புத்தர் செய்யும் அளவுக்கு இங்கே வளம் இருந்ததென்ற நினைவைத்தான் வைத்திருக்கிறது.

1867இல் அரசின் அனுமதியோடு அந்தக் கோபுரத்தை இடித்தார்கள். அந்த நிலத்தில் கல்லூரி நடத்திய இயேசு சபையினர் கட்டட விரிவுக்காகக் கேட்டுப் பெற்ற அனுமதி அது. 1883இல் அந்தக் கல்லூரி திருச்சிக்கு இடம் பெயர்ந்தது. திருச்சியில் அது பல தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனாலும் கணக்கு மனத்தை அறுக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் புயலும் போரும் சாய்க்காத ஒன்றை இடித்துவிட்டு, பதினாறு ஆண்டுகளில் ஊரையே விட்டுப் போயாயிற்று.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அந்தப் பகுதியில் நடந்தேன். சாலை, சுற்றுச்சுவர்கள், அலுவலகக் கட்டடங்கள், மதிய வெயில், வேப்பமரத்தடியில் தேநீர்க் கடை. பார்க்க ஒன்றும் இல்லை. அந்த ‘ஒன்றும் இல்லை’யை அரை மணி நேரம் பார்த்தேன். எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் அபயம் காட்டிக்கொண்டிருப்பவரின் வீடு இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு கல், ஒரு பலகை, இரண்டு வரி எழுத்து போதும். பள்ளிப் பிள்ளைகள் அந்த இடத்தைக் கடக்கும்போது நின்று படிப்பார்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு அரசு விழாவின் பந்தல் செலவில் நூறில் ஒரு பங்கு இருக்காது.

டச்சுக்காரர்களின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். போர்த்துக்கீசியரிடமிருந்து 1658இல் நாகையைப் பிடித்தார்கள். 1690இல் பழவேற்காட்டிலிருந்த தங்கள் சோழமண்டலத் தலைமையகத்தையே இங்கே மாற்றினார்கள். இங்கே கட்டிய கோட்டைக்கு ‘ஐம்புலன்கள்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். கோட்டைக்கு இப்படி ஒரு பெயர் வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. 1781இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்தபின் அது அழிந்தது. கண்ணுக்குத் தெரியும்படி எதையும் நான் காணவில்லை. 1774இல் அவர்கள் கட்டிய புனித பேதுரு ஆலயம் மட்டும் கனத்த சுவர்களோடு நிற்கிறது. நாகைக்கு எதிரே கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1746, 1758, 1782 என்று மூன்று முறை மோதினார்கள். அந்தப் போர்களுக்கு அலையில் என்ன சின்னம் இருக்கும்?

பிறகு ரயில் வந்தது. 1861இல் நாகையிலிருந்து தஞ்சாவூர் வரை தண்டவாளம். இங்கிருந்த பெரிய ரயில் பட்டறையை 1920களில் பொன்மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களுக்கான முகாம் ஆவடியைப் போலவே இங்கேயும் இருந்தது. எத்தனை ஆயிரம் பேர் இந்தக் கரையைக் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போனார்களோ! பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ‘ரஜூலா’ கப்பல் 1973 வரை ஓடியது. தஞ்சை மாவட்டத்துப் பழைய வீடுகளில் இன்றும் அதன் பெயரைச் சொன்னால் யாராவது ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்காருவார். அடுத்து வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி மூடிக்கொண்டது. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியபோது நாகை மக்கள் கரையில் திரண்டு கையசைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்த மகிழ்ச்சியின் வேர் எங்கே இருக்கிறது என்று இங்கே வந்தபின் புரிந்தது.

அக்கரைப்பேட்டைப் பாலத்தின் மேல் நின்றபோது ஆட்டோக்காரர் தானாகவே வண்டியை ஓரங்கட்டினார். 2004 டிசம்பர் 26 காலை, சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டின் சாவுகளில் பெரும்பகுதி இங்கேதான். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் அதிகம் இழந்தவை. விசைப்படகுகள் ஊருக்குள் வந்து ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். அவர் எதையும் விவரிக்கவில்லை. “எங்க சித்தப்பா வீட்டுல அஞ்சு பேர் சார்” என்றார். கொஞ்ச நேரம் கீழே ஓடிய தண்ணீரைப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார். நானும் எதையும் கேட்கவில்லை.

மாலையில் நாகூர்.

ஆறு கிலோமீட்டர் போவதற்குள்ளாகவே மனாரா தெரியத் தொடங்கிவிடுகிறது. தர்காவின் ஐந்து மனாராக்களில் உயரமானது 131 அடி. தன் வேண்டுதல் நிறைவேறியதற்காகத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் 18ஆம் நூற்றாண்டில் கட்டிக் கொடுத்தது. உள்ளே புறாக்கள், சாம்பிராணி, மொட்டையடித்த குழந்தைகள், கை கால் வடிவத் தகடுகளை வாங்கிக் காணிக்கை போடும் குடும்பங்கள். குங்குமப் பொட்டு வைத்த ஒரு பெண் தன் குழந்தையை வாசற்படியில் கிடத்தி எடுத்தாள். பக்கத்தில் நின்ற பெரியவர் மயிலிறகால் அந்தக் குழந்தையின் நெற்றியைத் தொட்டார். கந்தூரியின்போது சந்தனக்கூடு நாகையிலிருந்து புறப்பட்டுத்தான் நாகூருக்கு வரும்.

இந்தத் தர்காவில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவரைப் பற்றிய கதைகளில் எனக்கு உவப்பானது கண்ணாடிக் கதை. ஆண்டவர் முடி மழித்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று நாவிதரின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கிக் கடல் பக்கம் வீசுகிறார். எங்கோ நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலில் அந்தக் கண்ணாடி போய்ப் பொருந்தி ஓட்டையை அடைக்கிறது. சில நாள் கழித்து மாலுமிகள் கண்ணாடியோடு வந்து காலில் விழுகிறார்கள். கப்பலில் போனவர்கள் அவரைக் கையோடு கொண்டுபோனார்கள். சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே ஒரு நாகூர் தர்கா எழுந்தது. பினாங்கிலும் ஒன்று இருக்கிறது. உடல் இங்கே, நினைவு கரைதோறும்.

தர்கா வாசலை அடுத்த சந்தில் வாடா சுட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசி மாவுத் தட்டையின் நடுவில் இறால் பதித்து எண்ணெயில் போட்டு எடுப்பது. மொறுமொறுப்பு அடங்குவதற்குள் தின்ன வேண்டும். நான்கு தின்றேன். இரவு இடியாப்பத்துக்குப் பதில் இன்னும் இரண்டு.

வேளாங்கண்ணிக்கு மறுநாள் போய் வந்தேன். மாதா திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த நேரம். காவி உடுத்து, பாதம் வெடிக்க நடந்து வந்தவர்களால் சாலை நிறைந்திருந்தது. அங்கேயும் மூலக்கதை புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள்தான். பீடத்தில் அவர்கள் பதித்த பீங்கான் தட்டுகள் உண்டு. அந்தக் கூட்டத்தில் தட்டைப் பார்க்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. பார்க்க வேண்டியவர்கள் முன்னால் போகட்டும் என்று மணலில் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசி நாள் விடியலில், விடுதிக்காரர் சொல்லிவிட்டதன்பேரில், ஒரு பெரியவர் தன் ஃபைபர் படகில் என்னை ஏற்றிக்கொண்டார். கரைக்கருகே போட்ட வலையை எடுக்கப் போகும் சிறு பயணம். அறுபதைக் கடந்தவர். முகத்துவாரத்தின் அலையைத் தாண்டும்வரை பேசவே இல்லை. தாண்டியதும் எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார்.

“முன்னெல்லாம் ஜிபிஎஸ் ஏதுங்க? அடையாளம்தான். கரை தாழ்ந்து போயிடும். வீடு, மரம் ஒண்ணும் தெரியாது. மனாரா மட்டும் நிக்கும். அதையும் வெளக்கையும் பொருத்திப் பார்த்தா எங்க நிக்கிறோம்னு தெரிஞ்சிடும். எங்க அப்பா கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவார், இது இத்தன பாகம் தண்ணின்னு.”

திரும்பிப் பார்த்தேன். மூன்று நாளாக நிலத்தில் நடந்து நடந்து துண்டு துண்டாகப் பார்த்த ஊர் ஒரே கோடாகக் கிடந்தது. வடக்கே மனாரா. தெற்கே வெகுதூரத்தில் வெள்ளையாய் வேளாங்கண்ணி. இடையில் கலங்கரை விளக்கம், கோயில் கோபுரம், பனைகள். கடாரத்திலிருந்து வந்தவன், குதிரை ஏற்றி வந்தவன், காங்கேசன்துறையிலிருந்து வந்தவன் எல்லோருக்கும் இந்த ஊர் முதலில் இப்படித்தான் தெரிந்திருக்கும். உயரமாகக் கட்டிய ஒவ்வொருவரும் கடலில் இருப்பவனுக்குத் தெரியட்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள்.

மனாராவுக்குத் தெற்கே, விளக்குக்கு வடக்கே, ஓர் இடத்தைக் கையால் காட்டினேன். “அங்க ஒரு கோபுரம் இருந்துச்சுங்க ஐயா. சீனாக்காரங்களோ சோழர் காலத்துல கடாரத்துக்காரங்களோ கட்டுனது. நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இடிச்சுட்டாங்க.”

அவர் சுக்கானைப் பிடித்தபடி நெற்றியில் கைவைத்து அந்த இடத்தை உற்றுப் பார்த்தார். சாமி கோயிலா என்று கேட்கவில்லை. யார் இடித்தது என்றும் கேட்கவில்லை.

“எத்தன நிலை?”

“மூணு.”

கொஞ்ச நேரம் யோசித்தார். மனாராவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், மறுபடி நடுவில் பார்த்தார்.

“இருந்திருந்தா எட்டுப் பாகத்துலயே தெரிஞ்சிருக்கும்” என்றார். பிறகு குனிந்து வலையின் மிதவையை எட்டிப் பிடித்தார்.